தண்ணிக்குள் போன பழைய மஸ்கெலியா: ஊருக்குள்ளேயே ஒரு நினைவு நாள் வைக்கலாமா?

மவுசாக்கலைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனசில் கிடந்ததை இங்கே போடுகிறேன். படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இலிருந்து இருக்கிறது. பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். தொழிலாளர் குடியிருந்த பழைய லயன் (வரிசை வீடு) ஒன்றையே எடுத்துச் சீர்செய்து, நம் ஆட்கள் புழங்கிய பாத்திரம் பண்டம், நகை, வேலைக் கருவி, வாத்தியம், பழைய கடதாசிகள் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தையும் பார்த்தேன். அது 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை). அங்கே மெஷினும், இங்கே தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த வெள்ளைக்காரர் ஜேம்ஸ் டெய்லரும்தான் பெரிசாகத் தெரிகிறது. பீக்கொக்கில் கொழுந்து எடுத்தவர்களின் வாழ்க்கை இருக்கிறது. என் அம்மாவைக் கூட்டிப்போனால் எந்தப் பொருளுக்கு முன்னால் நின்று பேச ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அம்மாவால் அங்கே போக முடியாது. மஸ்கெலியாவில் பஸ் ஏறி அட்டன், அங்கிருந்து நாவலப்பிட்டி, கம்பளை, அப்புறம் தோட்டத்து ரோடு. முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகிற காரியமா? வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போய்விடும். அதனால் அந்த அருங்காட்சியகம் செய்கிற வேலையை ஒருநாளாவது நம் ஊரிலேயே செய்தால் என்ன என்று தோன்றியது.

நம் ஊருக்கு அது ரொம்ப அவசியம். 1969இல் மவுசாக்கலை அணை கட்டி முடிந்தபோது பழைய டவுன் தண்ணிக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் மிச்சமும் வெளியே தெரியும். ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து படம் எடுப்பார்கள், பேப்பரிலும் வரும், நாலு மழை பெய்ததும் பேச்சு அடங்கிவிடும். அந்தக் கோயிலுக்கு எந்தெந்தத் தோட்டத்திலிருந்து காவடி வந்தது, சாமி எந்த வழியாக ஊர்வலம் போனது, புடவைக்கடை எந்தப் பக்கம், சம்பளம் போட்ட ஞாயிறில் ஆட்கள் எங்கே கூடி நின்றார்கள் என்பதையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. அப்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். அப்போதே குடும்பம் நடத்தியவர்களில் மிச்சம் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

சாமிமலை டீச்சர்:

தம்பி, நல்ல யோசனை. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வயசானவர்களைக் கூட்டி வந்து கதிரையில் உட்கார வைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, “பழைய மஸ்கெலியாவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் ஒன்றும் வராது. “அந்தக் காலத்திலே நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு ஒப்படை கொடுத்தபோது இதைப் பலமுறை பார்த்தேன்.

கேள்வியை இடத்தில் இருந்து தொடங்க வேண்டும். “பஸ்சிலிருந்து இறங்கினால் வலது கைப்பக்கம் என்ன கடை?” என்று கேட்டால் அவர் கண் வேறு எங்கோ போய்விடும். அடுத்த கடை, அதற்கடுத்த கடை, அந்தக் கடைக்காரர் கடன் கொடுப்பாரா மாட்டாரா, அவர் மகள் கல்யாணம், எல்லாம் தானாக வரும். அதனால் மண்டபத் தரையில் ஒரு பெரிய வெள்ளைத் துணி விரித்து, மஸ்கெலியா ஓயாவையும் பழைய ரோட்டையும் மட்டும் வரைந்து வைப்போம். மீதியை அவர்களே சொல்லட்டும், பிள்ளைகள் வரையட்டும். ஒருவர் இந்தப் பக்கம் என்பார், இன்னொருவர் அந்தப் பக்கம் என்பார். சண்டை வரும். வரட்டும், இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொள்வோம்.

ஏழுபேர்ச்:

அண்ணே, டீச்சர், உங்கள் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் லயனை அருங்காட்சியகமாக வைத்திருப்பதைப் பெருமையாகப் பேசினால் எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை) ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை). அண்ணன் குடும்பம் உள்ளே, நானும் அம்மாவும் இஸ்தோப்பை அடைத்துக்கொண்டு. காற்றடித்தால் தகரம் பறக்காமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடு என்று சொன்னபோது அந்தக் கூட்டத்தில் நானும் நின்று கைதட்டினேன். 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்று எவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் டிவிசனுக்கு இன்னும் வரவில்லை.

தொலைந்துபோன இடங்கள் என்று நீங்கள் பட்டியல் போடுகிறீர்கள். எங்கள் லயன் தொலைய வேண்டும் என்று நான் தினமும் கும்பிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து இது பாரம்பரியக் கட்டிடம், இடிக்கக்கூடாது என்று சொன்னால் யார் பதில் சொல்வது? துரை பங்களாக்களை ஹோட்டலாக்கி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அடுத்தது லயனா?

சாமிமலை டீச்சர்:

தம்பி ஏழுபேர்ச், நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நான் வெட்ட மாட்டேன். லயன் போகத்தான் வேண்டும். நான் பிறந்ததும் லயனில்தான், வெளியே வந்தவள் என்பதால் அதை அழகென்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு நாள் அளவு நாடா பிடித்துப் பாருங்கள். காம்பரா எத்தனை அடி, அடுப்பு எந்த மூலை, ஒரு கதவுக்குள் எத்தனை பேர், யார் எங்கே படுத்தார்கள், தண்ணிப் பீலிக்கு எவ்வளவு தூரம், கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று. எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே சுவர் புகை படிந்து தார் பூசியது மாதிரி இருக்கும். அதில் ஒரு மாடம், மாடத்தில் விளக்கு, விளக்குக்குக் கீழே எங்கள் அப்பா சாக்கட்டியால் எழுதிய கணக்கு: எத்தனை நாள் பேர், எத்தனை ராத்தல் கொழுந்து, மாவுக்கு எவ்வளவு பிடித்தார்கள். சம்பளத் துண்டோடு ஒத்துப்பார்க்க அவர் வைத்திருந்த புத்தகம் அந்தச் சுவர்தான். லயன் இடிந்தபோது அதுவும் இடிந்தது. ஒரு போட்டோ எடுத்திருந்தால் தோட்டக் கணக்கில் எவ்வளவு விடுபட்டது என்பதற்கு அது சாட்சியாக இருந்திருக்கும். அளந்து படம் எடுத்து வைத்தால், வீடு கேட்டுப் போகும்போது கையில் கொண்டுபோக ஒரு ஆதாரமும் ஆகும். கட்டிடம் போகட்டும், கணக்குப் போகக்கூடாது.

ஏழுபேர்ச்:

ஆதாரம் என்று சொன்னால் சரி, நான் வருகிறேன் டீச்சர். எங்கள் லயன் பன்னிரண்டு காம்பராவையும் நானே அளந்து தருகிறேன். ஒரு நிபந்தனை. அந்த நாளில் சுவரில் பெரிதாக ஒட்ட வேண்டும், இந்த லயனில் இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள் என்று.

மவுசாக்கலைக்கரை:

கட்டாயம் ஒட்டுவோம் தம்பி. வாசலிலேயே ஒட்டுவோம்.

கந்தப்பளை கோச்சி:

நீங்கள் மஸ்கெலியாவைப் பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்துக் கதையும் கொஞ்சம் கேளுங்கள். நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் சின்னக் கோச்சி ஓடியது. 1903, 1904இல் திறந்தது, இரண்டரை அடி அகலத் தண்டவாளம், களனிவெளிப் பாதையில் அப்போது இருந்த அதே அளவு. தேயிலைப் பெட்டியும் உரமும் அரிசியும் அதில்தான் வந்து போயின. லொறி வந்த பிறகு வருமானம் விழுந்து 1940களில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பிடுங்கியாயிற்று. பல இடத்தில் கோச்சி போன பாதையே இன்றைக்குத் தார் ரோடு. தேயிலை மலைக்கு நடுவில் காரணமில்லாமல் ஒரு ரோடு ரொம்பச் சீராக, மெதுவான ஏற்றத்தோடு வளைந்து போனால் பெரும்பாலும் அதுதான் பழைய லைன். ரெயில் இஞ்சின் செங்குத்தாக ஏறாது, அதனால் வளைவை நீட்டி நீட்டிப் போட்டார்கள்.

எங்கள் பிள்ளைகளிடம் கேட்டேன், கந்தப்பளைக்குக் கோச்சி வந்தது யாருக்கும் தெரியவில்லை. வெறும் ஐந்து தலைமுறைக் கதை இது. உங்கள் நாளுக்கு நாங்களும் வரலாமா? அந்த லைன் போன வழியை ஒரு வரைபடமாகக் கொண்டுவருகிறேன். அப்புறம் ஒன்று, நடந்துபோய்ப் பார்க்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சியும் வையுங்கள். மண்டபத்துக்குள் உட்கார்ந்து பேசுவது நம் இளம் ஆட்களுக்குச் சலிக்கும். காலையில் பழைய பாதையில் நடந்து, பத்தரைக்கு ஒரு லயனில் தேத்தண்ணி குடித்து, மத்தியானம் மண்டபத்துக்கு வந்தால் பேச விஷயம் இருக்கும்.

லக்சபான ஓய்வு:

மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நடக்கிற யோசனை நல்லது, ஆனால் தண்ணி இறங்கிய குளத்துக்குள் இறங்கி நடக்கிற யோசனையை யாரும் கிளப்ப வேண்டாம். மேலே சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், பார்த்தால் தரை மாதிரித்தான் இருக்கும். கீழே கூழாக இருக்கும். ஒரு கால் இறங்கினால் இழுத்து எடுப்பது கஷ்டம். மலையில் மழை பெய்தால் நீர் ஏறுவதும் சொல்லிக்கொண்டு வராது. பிள்ளைகளோடு போகிற இடம் இல்லை. கரையில் ஒரு மேட்டில் நின்று கையைக் காட்டினால் போதும்.

ஒரு சங்கதியும் சேர்த்துச் சொல்கிறேன். காசல்ரீ அணை 1965, அந்தத் தண்ணி நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. மவுசாக்கலைத் தண்ணியில் 1983இலிருந்து கென்யன் மின்நிலையம் ஓடுகிறது. அதற்குப் பிறகும் கீழே பொல்பிட்டிய வரை அதே தண்ணி திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. நாட்டுக்கு அது பெரிய உபகாரம். அந்த வெளிச்சத்துக்காக ஒரு டவுன் கொடுத்தோம், வயலும் மலையும் கொடுத்தோம். அதே கரையில் உள்ள லயன்களுக்குக் கரண்ட் வர எத்தனை காலம் குப்பி விளக்கோடு காத்திருந்தோம் என்பதையும் அந்தத் துணி வரைபடத்தில் ஓர் ஓரமாக எழுதுங்கள்.

பங்குனித் தேர்:

ஐயா சொன்னதோடு இன்னொன்று. நீர் இறங்கும்போது போகிறவர்கள் கோயில் கல்லையும் ஓட்டையும் ஞாபகத்துக்கு என்று எடுத்துப் போகிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லி அந்த நாளில் சொல்ல வேண்டும். சாமி இருந்த இடம் அது. கல்லை வீட்டு அலுமாரியில் வைத்தால் அது எந்தக் கோயில் கல் என்று பத்து வருஷத்தில் உங்கள் மகனுக்கே தெரியாது. அங்கேயே கிடந்தால் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எந்தத் தூண் என்றாவது தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. நீர் வருவதற்கு முன்னாலேயே கோயிலில் இருந்து மேலே கொண்டுவந்த சாமான்களில் ஒன்று என்று அப்பத்தா சொல்வார். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கிறது. தோட்டத்துப் பேர், கொடுத்த கங்காணியின் பேர், கடைசியில் “உபயம்”. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து நடு எழுத்துகள் மழுங்கிவிட்டன. சாய்த்து வெயிலில் பிடித்தால் தோட்டத்துப் பேர் மட்டும் தெரிகிறது. அதைக் கொண்டுவருகிறேன், ஆனால் யாருக்கும் கொடுக்க மாட்டேன். சாயந்தரம் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய்விடுவேன். அதற்கு ஒத்துக்கொண்டால் வருகிறேன்.

மவுசாக்கலைக்கரை:

அக்கா, யாரிடமும் எந்தப் பொருளையும் வாங்கி வைக்கப் போவதில்லை. வந்த பொருள் வந்த கையோடு அன்றைக்கே திரும்பிப் போகும். படமும் விவரமும் மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். நிரந்தரமாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் இருந்தால் அவர்களே பீக்கொக் அருங்காட்சியகத்தோடு பேசிக்கொள்ளட்டும். அங்கே பாதுகாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நம்மிடம் ஒரு பூட்டுள்ள அலுமாரிகூட இல்லை. செம்பைத் தயவுசெய்து அதுவரை புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாய்வாக வெளிச்சம் விழவைத்து நாலு பக்கமும் படம் எடுத்தால் அந்த நடு எழுத்துகளையும் படித்துவிடலாம் என்று நம்புகிறேன்.

கூடலூர் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் நீலகிரியில் கூடலூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா, பாட்டி மஸ்கெலியாவில் இருந்து வந்தவர்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதினார்களே, அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் ஆறு பேர். அழுகைக் கோச்சி என்று பேர் வாங்கிய ரெயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், கடைசியில் இங்கே டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம். திரும்பவும் அதே கொழுந்து வேலைதான். எங்கள் லைனில் பாதிப் பேர் உங்கள் பக்கத்து ஆட்கள். அட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, ராகலை என்று சொல்வார்கள்.

பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு போட்டோ இருக்கிறது. பின்னால் பென்சிலில் “மஸ்கெலியா தேர்” என்று எழுதியிருக்கிறது. கோயில் வாசலில் வாழைமரம் கட்டிய பந்தல், அதற்கு முன்னால் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். முன்வரிசையில் ஒரு பையன் தன் அளவுக்கு மீறிய கோட்டுப் போட்டு, கை விரல் தெரியாமல் நிற்கிறான், அது எங்கள் பெரிய மாமா. இடது ஓரத்தில் ஒரு கடை, பலகைக் கதவு பாதி திறந்திருக்கிறது, வாழைக்குலை தொங்குகிறது, மேலே போர்டில் “ஸ்டோர்ஸ்” என்ற கடைசிச் சொல் மட்டும் விழுந்திருக்கிறது. இது தண்ணிக்குள் போன கோயிலா, இப்போது இருக்கும் கோயிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இங்கே பல வீட்டுப் பெட்டியில் இப்படி இருக்கிறது. பாஸ்போட்டுக்காக எடுத்த குடும்பப் படம், கூடவே ஊரை விட்டுப் போகிறோமே என்று எடுத்துவைத்த ஒன்றிரண்டு படம். உங்களுக்குப் பிரயோஜனப்படுமா?

சாமிமலை டீச்சர்:

மகளே, பிரயோஜனமா? நாங்கள் தேடிக்கொண்டிருப்பதே அதைத்தான். இங்கே இருந்த படங்கள் லயன் கூரை ஒழுகியதிலும் 1977, 1983 கலவரங்களிலும் போனது எவ்வளவோ. ஊரை விட்டுப் போனவர்களின் பெட்டியில்தான் ஊர் பத்திரமாக இருந்திருக்கிறது.

அந்தப் படத்தில் ஆட்களுக்குப் பின்னால் மலை தெரிகிறதா என்று பாருங்கள். கட்டிடம் எல்லாம் போனாலும் மலை முகடு மாறவில்லை. முகட்டின் கோடு தெரிந்தால், இன்றைக்குக் கரையில் நின்று அதே கோடு எங்கிருந்து அப்படித் தெரிகிறது என்று ஒத்துப்பார்க்கலாம். சிவனொளிபாதமலை எந்தத் தோளுக்கு மேலே நிற்கிறது என்பது ஒன்றே போதும், படம் எடுத்தவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று சொல்லிவிடலாம். அது பழைய டவுனா புதிய டவுனா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கூடலூர் பேத்தி:

டீச்சர், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பந்தலுக்கு மேலே வலது பக்கம் ஒரு முகடு கூம்பாகத் தெரிகிறது, இடது பக்கம் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கிறது. நன்றாக ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். பாட்டி கேட்கிறார், பழைய கோயிலில் இருந்த சாமி வேல் மேலே வந்துவிட்டதா என்று.

பங்குனித் தேர்:

பாட்டியிடம் சொல்லுங்கள் மகளே, புதிய கோயிலில் பூசை நடக்கிறது, தேரும் ஓடுகிறது. அந்த வேல் பற்றிக் கோயில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். தெரியாமல் சொல்லிவிடக்கூடாது.

கொஸ்லந்தைக்காரி:

நான் பதுளை மாவட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். உங்கள் டவுன் போகப்போகிறது என்று உங்களுக்கு முன்னாலேயே சொன்னார்கள், சாமியைத் தூக்கிக்கொண்டு மேலே வர நேரம் இருந்தது. எங்களுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. பலரை மண்ணிலிருந்து எடுக்கவும் முடியவில்லை. போட்டோ, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் போனது. உயிர் தப்பியவர்கள் தங்கள் பேரைத் தாங்களே நிரூபிக்க ஓடித் திரிந்ததைப் பார்த்தேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். பழசைப் பற்றி மட்டும் நிற்காமல், இப்போது இருக்கிறதையும் எடுத்து வையுங்கள். எந்த லயனில் எந்தக் காம்பராவில் யார், கோயில் எங்கே, காமன் கூத்து ஆடுகிற காமன் பொட்டல் எங்கே, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா எங்கே, இடுகாடு எங்கே என்று எழுதி, ஒரு பிரதி ஊரிலும் ஒரு பிரதி வெளியேயும் இருக்கட்டும். மண்சரிவு ஆபத்து என்று சொல்லப்பட்ட தோட்டங்கள் உங்கள் பக்கமும் இருக்கின்றன.

ஏழுபேர்ச்:

அக்கா சொன்னதுதான் எனக்கு இந்த இழையிலேயே முக்கியமாகப் படுகிறது. லயன் அளக்கும்போது இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

டெவன் பத்தனை:

பழைய இடம் என்றால் கட்டிடம் மட்டும்தானா? டெவன் தோட்டத்தில் 1977 மே 11 அன்று தொழிலாளி சிவனு லெட்சுமணன் சுடப்பட்ட இடம் எனக்குக் கோயிலை விடப் பெரிது. 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று எதிர்த்து நின்றபோது சுட்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டார். இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை, அதில் எத்தனைக்கு ஒரு பலகை இருக்கிறது? அதையும் வரைபடத்தில் போடுங்கள்.

ஆனால் ஒரு வேண்டுகோள். சங்கக்காரர்கள் யாரையும் மேடை ஏற்ற வேண்டாம். நான் சங்கத்தில் சந்தா கட்டுகிறவன்தான், சங்கம் வேண்டும் என்று நம்புகிறவன்தான். மேடை போட்டால் பொன்னாடை வரும், மாலை வரும், இரண்டு மணி நேரம் அவர்கள் பேச்சுத்தான் ஓடும். வந்த கிழவி வாயைத் திறக்காமல் பஸ் ஏறிவிடுவார்.

மவுசாக்கலைக்கரை:

மேடையே வேண்டாம் அண்ணே. தரையில் துணியைச் சுற்றிப் பாய் விரித்து உட்காருவோம், முழங்கால் முடியாதவர்களுக்கு மட்டும் கதிரை. யார் வந்தாலும் ஆளாக வந்து உட்காரட்டும். சிங்கள, முஸ்லிம் குடும்பங்களையும் கூப்பிட வேண்டும். விகாரையும் பள்ளிவாசலும் போனது அவர்களுக்கும் அதே வலிதான். பள்ளிவாசல் பெரியவர் ஒருவரிடம் பேசினேன், அவர் வாப்பா பழைய டவுனில் கடை வைத்திருந்தவர், கடை வரிசையை அப்படியே சொல்கிறார்.

போன்கேமரா:

அண்ணா, நான் சின்னப் பையன், வரலாறு அதிகம் தெரியாது. ஆனால் படம், ஒலிப்பதிவு வேலையை எங்கள் செட் பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நம்பிக்கொண்டிருக்க முடியாது, அது சுருங்கிவிடும், பெரிதாக்கினால் போர்டு எழுத்தெல்லாம் கலங்கும். கூடலூர் அக்கா ஸ்கேன் எடுத்ததை மின்னஞ்சலில் அல்லது டிரைவில் முழு அளவில் போட வேண்டும். இங்கே வருகிற படங்களை ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலே இருந்து எடுப்போம். படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும், ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

ஒலிப்பதிவுக்கு மண்டபம் சரிவராது, சத்தம் எதிரொலிக்கும். பக்கத்து வகுப்பறை ஒன்று வேண்டும், கதவு மூடி, ஒருநேரம் ஒருவர். ஆரம்பத்திலேயே அவர் பேர், பிறந்த தோட்டம், அப்புறம் “இதை மற்றவர்கள் கேட்கலாமா” என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைப்போம். வேண்டாம் என்றால் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஒரு பிரதி கொடுத்துவிடுவோம்.

சாமிமலை டீச்சர்:

தம்பி, பெண்களிடம் பேசப் பெண் பிள்ளைகளை அனுப்புங்கள். பிரசவம், பிள்ளைக்காம்பரா, கங்காணி வீட்டுத் தொல்லை என்று சில விஷயங்களை ஒரு பையன் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். என் ஏ.எல். பிள்ளைகளில் சிலரைத் தயார் செய்கிறேன்.

நோட்டன் டயர்:

நான் நோட்டன் பிரிட்ஜ். சுருக்கமாக எழுதுகிறேன். 1974 டிசம்பர் 4 இரவு ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களும் விமானப் பணியாளர்களும். அந்த விமானத்தின் டயர் ஒன்று எங்கள் ஊரில் இன்னும் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இரவில் தீப்பந்தத்தோடு மலை ஏறிய தோட்டத்து ஆட்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். அதில் ஒருவர் எங்கள் சித்தப்பா. சாகும்வரைக்கும் அந்த மலைப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டார்.

மவுசாக்கலைக்கரை:

உங்கள் சித்தப்பாவுடன் போனவர்கள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் அண்ணே, அவர்களுக்கென்று ஒரு வகுப்பறை ஒதுக்குகிறோம்.

எல்லாரும் சொன்னதை வைத்து நாளைப் பேசுவோம். மே மாதம் தாண்டினால் தென்மேற்கு மழை, பெரியவர்கள் வெளியே வரமாட்டார்கள். சிவனொளிபாதமலை சீசனில் நீண்ட விடுமுறை என்றால் நல்லதண்ணி ரோடு அடைத்துக்கொள்ளும். போயா (பௌர்ணமி) அன்றைக்கு விகாரைக்காரர்கள் வர முடியாது. பங்குனித் தேர் வேலைகள் தொடங்கினால் கோயில்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். மாசி மாதத்தில், போயாவும் நீண்ட விடுமுறையும் இல்லாத ஒரு ஞாயிறு, அதுவும் சம்பளம் போட்ட பிறகு வருவது, எனக்குச் சரியாகப் படுகிறது. காமன் நடுகிற காலமும் அதுவே. பழைய காமன் பொட்டல் எங்கே இருந்தது என்று கூத்தாடுகிறவர்களிடமே கேட்டுவிடலாம்.

காலையில் கரையிலிருந்து இடம் காட்டுவது, ஐயா சொன்ன மேட்டிலிருந்து மட்டும். பத்து மணிக்கு மேல் மண்டபம். பழைய படம், சம்பளத் துண்டு, பேர் அட்டை, பாஸ்போட் எது இருந்தாலும் கொண்டுவரலாம், யாரும் லேமினேட் செய்துவிட்டுக் கொண்டுவர வேண்டாம், அதன் பிறகு கடதாசியைப் பிரிக்க முடியாது.

லக்சபான ஓய்வு:

மேட்டிலிருந்து காட்டுவதற்கு நான் வருகிறேன். பொறுப்பான அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்டுவிடுவது நல்லது, அதையும் நானே எழுதித் தருகிறேன். பழைய அளவைப் படம் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கிறேன், கிடைத்தால் டீச்சரின் துணியில் ரோடு சரியான இடத்தில் விழும்.

பங்குனித் தேர்:

கோயில் பெரியவர்களோடு பேசிவிட்டேன். மத்தியானச் சாப்பாடு கோயில் அன்னதான மடத்தில் சமைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அரிசி மட்டும் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். வேல் விஷயத்தை அன்றைக்கு நேரில் சொல்கிறேன் என்கிறார் பூசாரி ஐயா, கூடலூர்ப் பாட்டியை வீடியோவில் வரச் சொன்னார்.

கூடலூர் பேத்தி:

பாட்டி வருவார். எங்கள் லைனில் இன்னும் சிலரையும் கூட்டி உட்கார வைக்கிறேன். இங்கே சிக்னல் மேட்டுக் கோயில் வாசலில்தான் நன்றாகக் கிடைக்கும், அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறோம். நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாமிமலை டீச்சர்:

பதினொரு மணி, மகளே. மண்டபத்துக்கு அதிபரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன். வெள்ளைத் துணிக்கு வேட்டி நாலைச் சேர்த்துத் தைத்தால் போதும், யாரிடமாவது பழசு இருந்தால் துவைத்து அனுப்புங்கள்.